மிளகு, கோகோ, மூலிகை: ஒரு குவாட்டர் விஸ்கியில் நாலு கிளாஸ் காக்டெய்ல்

விஸ்கி, மசாலா, சாக்லேட் லிக்யூர் (லிக்யூர் என்றால் வாசமூட்டிய இனிப்பு மது), மூலிகை லிக்யூர் நாலையும் ஒரே கிளாஸில் ஊற்றிக் கலக்கினால் முதல் தடவை கிடைப்பது பெரும்பாலும் இருமல் மருந்துதான். சரக்கின் மேல் குற்றமில்லை. கிராம்பு கொஞ்சம் அதிகமானால் பல்வலித் தைலம், மூலிகை லிக்யூர் அதிகமானால் கசாயம், சாக்லேட் அதிகமானால் பள்ளிக்கூட வாசல் மிட்டாய். இந்த நாலில் எது மிஞ்சினாலும் மற்ற மூன்றையும் அமுக்கிவிடும். ஆகவே எதைப் போடுவது என்பதைவிட எவ்வளவு போடுவது, எப்போது எடுத்துவிடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு கிளாஸுக்கான அளவு இது:

மசாலா ஊறிய விஸ்கி: 45 மில்லி
சாக்லேட் லிக்யூர்: 15 மில்லி
மூலிகை லிக்யூர்: 10 மில்லி (மிகவும் கசப்பான வகை என்றால் 5)
அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் சேர்க்கும் கசப்புச் சாறு): 2 உதறு
உப்புத் தண்ணீர்: 2 சொட்டு
ஆரஞ்சுத் தோல்: ஒரு கீற்று

இனிப்பாக இருப்பதால் இது லேசான பானம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் விஸ்கி வழக்கமாக 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ் பெக் ஒன்றில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 26 மில்லி. மேலே உள்ள கலவையிலும் அதே 26 மில்லி இருக்கிறது. அதாவது ஒரு கிளாஸ் ஒரு லார்ஜ். இரண்டு கிளாஸ் குடித்தவர் குவாட்டரில் பாதிக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறார். சாக்லேட் அதை மறைத்துவிடும்.

எந்த விஸ்கி

விலை உயர்ந்த சிங்கிள் மால்ட்டை இதில் கொட்ட வேண்டாம். அதன் நுணுக்கமெல்லாம் கோகோவுக்கு அடியில் போய்விடும். அதற்காக அடிமட்டச் சரக்கும் கூடாது. குறைந்த விலை இந்திய விஸ்கிகளில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட். அதில் எரிச்சல் இருக்கும், தானியத்தின் ருசி இருக்காது. மசாலா அந்த எரிச்சலை மறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். நடுத்தர விலையில், புகை வாசனை இல்லாத, மால்ட் கலந்த விஸ்கியே போதும். அமெரிக்க விஸ்கியான போர்பன் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். புதிதாகக் கருக்கிய ஓக் பீப்பாயில் ஊறுவதால் வரும் வெனிலா வாசம் சாக்லேட்டோடு இழையும். ரை என்ற தானியத்தில் செய்யும் விஸ்கியில் இயல்பாகவே காரம் உண்டு. அது கையில் இருந்தால் மிளகைப் பாதியாகக் குறைக்கலாம். பீட் (மக்கிய சதுப்பு நிலக் கரி) புகை அடிக்கும் ஸ்காட்ச் இதற்கு ஒத்துவராது. புகையும் மூலிகையும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை. 50 சதவீத விஸ்கி என்றால் 45க்குப் பதில் 40 மில்லி.

சீல் உடைக்காத, லேபிள் உள்ள பாட்டில் மட்டும். மசாலா போட்டு ஊறவைத்தாலோ துணியில் வடிகட்டினாலோ கள்ளச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்ற விஷம் போகாது. 2024 ஜூனில் சேலத்துக்குப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது அந்த மெத்தனாலால்தான்.

மசாலாவை ஊறவைத்தல்

ஒரு குவாட்டர், 180 மில்லி, நாலு கிளாஸுக்குச் சரியாக வரும். முதல் முறை இதற்கு மேல் போடாதீர்கள். கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு குவாட்டரோடு நிற்கும்.

மிளகுக்கு ஏற்காடு இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் ஏறியிருக்கும். மலையில் வாங்குவதாக இருந்தால் மிளகோடு 50 கிராம் வறுத்த அரபிகா காபிக் கொட்டையும் சேர்த்து வாங்குங்கள். சிக்கரி கலந்த தூள் கூடாது. முழுக் கொட்டைதான் வேண்டும். மற்றவை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

180 மில்லிக்கு: மிளகு 12, பட்டை 2 சென்டிமீட்டர் துண்டு ஒன்று, ஏலக்காய் 2, கிராம்பு 1, காபிக் கொட்டை 10. கிராம்பு ஒன்று என்றால் ஒன்றுதான். அதிலுள்ள யூஜினால் எண்ணெய் ஆல்கஹாலில் வேகமாக இறங்கும். நாக்கை மரக்க வைக்கும். இரண்டு கிராம்பு போட்டுவிட்டு வேறு எதைக் குறைத்தாலும் மீட்க முடியாது.

மிளகை இரண்டாக உடையும் அளவுக்கு மட்டும் இடியுங்கள். தூளாக்கினால் வடிகட்டவே முடியாது. காரமும் ஒரே மணி நேரத்தில் எகிறிவிடும். மிளகின் காரமான பைப்பரின் தண்ணீரில் கரைய மறுக்கும், ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும். ரசத்துக்குப் போடும் கணக்கில் விஸ்கிக்குப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஏலக்காயைக் கீறிவிட்டால் போதும். பட்டையில் இரண்டு ரகம்: கெட்டியான, ஒரே மடிப்பாக இருக்கும் சாதாரணப் பட்டை, சிகரெட்போலப் பல மடிப்பாகச் சுருண்டு, விரலில் நொறுங்கும் இலங்கைப் பட்டை. இரண்டாவது இனிமையானது. முதலாவதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் 1 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள்.

நேரம்தான் முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒன்றாக எடுக்கக் கூடாது. கிராம்பை வெள்ளை நூலில் கட்டி, நூல் நுனியை மூடிக்கு வெளியே விடுங்கள். 2 மணி நேரம் ஆனதும் இழுத்துவிடலாம். ஏலக்காயையும் இன்னொரு நூலில் கட்டுங்கள், அது 4 மணி நேரம். காபிக் கொட்டை 6 மணி நேரம். சிறு துணி முடிச்சாகப் போட்டால் எடுக்கச் சுலபம். மிளகும் பட்டையும் 12 மணி நேரம் கிடக்கலாம்.

இந்த நேரங்கள் சேலத்துச் சமையலறைக்கு, 30 முதல் 33 டிகிரி வெப்பத்துக்கு. சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 36, 37 என்று ஏறும் நாளில் எல்லா நேரத்திலும் கால் பங்கைக் குறையுங்கள். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் செய்தால் மிளகும் பட்டையும் 20 மணி நேரம்கூடப் போகும். கடிகாரத்தைவிட நாக்கை நம்புங்கள்: மணிக்கொரு தரம் கால் ஸ்பூன் எடுத்து, அதே அளவு தண்ணீர் விட்டுச் சுவையுங்கள். அப்படியே குடித்துப் பார்த்தால் விஸ்கியின் எரிச்சலில் மிளகின் காரம் தெரியாது.

கண்ணாடிப் பாட்டிலில்தான் ஊற வேண்டும். பிளாஸ்டிக்கில் கிராம்பு வாசம் ஏறினால் அந்த டப்பாவை அதோடு மறந்துவிடலாம். வெயிலில் வைப்பது, அடுப்பில் சூடாக்குவது இரண்டும் வேண்டாம். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் வாசம் பறந்து கசப்பு மட்டும் மிஞ்சும். முடிந்ததும் டீ வடிகட்டியில் ஒரு தரம், நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியில் ஒரு தரம் வடிகட்டுங்கள். காரம் அதிகமாகிவிட்டதா? கொட்ட வேண்டாம். இன்னொரு குவாட்டர் வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்தால் சரியாகிவிடும்.

சாக்லேட் பாகம்

கடையில் கேட்க வேண்டிய பெயர் 'கிரெம் டி ககாவ்'. பெயரில் கிரெம் இருந்தாலும் பால், க்ரீம் எதுவும் கிடையாது. கோகோ, சர்க்கரை, ஸ்பிரிட் அவ்வளவுதான். 25 சதவீதம் அளவில் ஆல்கஹால். நிறமற்றது, பழுப்பு என்று இரண்டு வகை உண்டு. ருசியில் பெரிய வேறுபாடு இல்லை, எது கிடைத்தாலும் சரி. ஐரிஷ் க்ரீம் வகை லிக்யூரை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அது பால். கிளாஸ் கலங்கி, குடிப்பது மில்க்‌ஷேக் ஆகிவிடும். எலுமிச்சை ஒரு சொட்டு பட்டாலும் திரிந்துபோகும்.

சேலத்தில் இந்தப் பாட்டில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. வீட்டிலேயே செய்வது எளிது, சொல்லப்போனால் ருசியும் மேல். வறுத்து உடைத்த கோகோ விதைத் துண்டுகள், அதாவது கோகோ நிப்ஸ், 40 கிராம் வாங்குங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, ஆகவே இது அரிய சரக்கல்ல, ஆன்லைனில் கிடைக்கும். வறுக்காத நிப்ஸ் வந்துவிட்டால் இரும்புச் சட்டியில் சிறுதீயில் 6 நிமிடம், பிரவுனி வாசம் வரும்வரை வறுங்கள். இல்லாவிட்டால் புளிப்படிக்கும்.

150 மில்லி வோட்காவில் நிப்ஸைப் போட்டு மூடி 4 நாள் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்கினால் போதும். 7 நாளைத் தாண்டினால் துவர்ப்பு ஏறும். வடிகட்டிய பின் ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோகோவில் கொழுப்பு உண்டு. அது ஸ்பிரிட்டோடு வந்து, பின்னால் கிளாஸில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். ஃப்ரீசரில் வோட்கா உறையாது, கொழுப்பு மட்டும் வெள்ளையாக உறைந்து மேலே நிற்கும். சில்லென்று இருக்கும்போதே காபி ஃபில்டர் தாளில் வடித்தால் தெளிந்துவிடும். நிப்ஸ் குடித்தது போக 130 மில்லி அளவு மிஞ்சும்.

80 கிராம் சர்க்கரையை 60 மில்லி வெந்நீரில் கரையுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். கம்பிப் பதமெல்லாம் அதிரசத்துக்கு. நன்றாக ஆறியபின் கலந்தால் 240 மில்லி, 23 சதவீதம் அளவில் லிக்யூர் தயார். சூட்டோடு ஊற்றினால் ஆல்கஹாலும் வாசமும் ஆவியாகிவிடும்.

கோகோ பவுடரை விஸ்கியில் கரைப்பது, சாக்லேட் பாரை உருக்கி ஊற்றுவது, ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் சிரப்பைச் சேர்ப்பது மூன்றும் குறுக்கு வழிகள், மூன்றும் தோற்கும். பவுடர் அடியில் மண்ணாகத் தங்கும். பார் குளிர்ந்ததும் திப்பி திப்பியாகப் பிரியும். சிரப்பில் சர்க்கரைதான் அதிகம்.

மூலிகை பாகம்

மூலிகை லிக்யூர் என்பது ஒரே பொருள் அல்ல. பாட்டிலுக்குப் பாட்டில் குணம் வேறு, அளவும் அதற்கேற்ப மாற வேண்டும்.

ஜெர்மனியின் யேகர்மைஸ்டர் 35 சதவீதம், 56 மூலிகைகள், அதிமதுரமும் சோம்பும் தூக்கலாகத் தெரியும். இந்தக் கலவைக்குப் புதியவர்கள் தொடங்க ஏற்றது, 10 மில்லி. பிரான்சின் பெனடிக்டின் 40 சதவீதம், 27 மூலிகைகள், தேன் சாயல். 10 மில்லி ஊற்றினால் சாக்லேட்டை 12 ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் தித்திப்பு தொண்டையில் நிற்கும். பிரான்சில் கார்த்தூசியக் கிறிஸ்தவத் துறவிகள் தயாரிக்கும் ஷார்ட்ரூஸில் 130 மூலிகைகள். பச்சை 55 சதவீதம், மஞ்சள் 43. பச்சையும் சாக்லேட்டும் பழைய கூட்டாளிகள், ஆனால் 5 மில்லிக்கு மேல் தாங்காது. உற்பத்தியை இனிக் கூட்டப்போவதில்லை என்று துறவிகள் 2023இல் அறிவித்துவிட்டதால் உலகம் முழுக்கவே அதற்குத் தட்டுப்பாடு. அதைத் தேடி அலைய வேண்டாம். மிலானின் ஃபெர்னெட் பிராங்கா 39 சதவீதம், கடுங்கசப்பு. 5 மில்லி. வேப்பம்பூ ரசம் பிடிக்கும் என்பவர்கள் முயலலாம்.

வாங்குவது எப்படி? டாஸ்மாக் எலைட் கடைகளில் இறக்குமதிச் சரக்கு வரும், போகும். கேட்டுத்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் 2 லிட்டர் வரை வாங்கி வரலாம். புதுச்சேரியிலிருந்தோ ஓசூர் வழியாகப் பெங்களூரிலிருந்தோ காரில் போட்டுக்கொண்டு வருவது மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிவிடும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த மாவட்டம் சேலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சட்டப்படி 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது.

எதுவும் கிடைக்கவில்லையா, நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. நன்னாரி வேர் 5 கிராம், அதிமதுரம் 1 கிராம், சோம்பு அரை டீஸ்பூன், சுக்கு ஒரு சிறு துண்டு. நன்னாரியை இடித்து நடுவில் உள்ள கட்டை நரம்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வாசம் மேல்தோலில்தான். அந்த வாசத்தைத் தருகிற வேதிப்பொருள் வெனிலாவின் வனிலினுக்குப் பங்காளி, ஒரே அணுக்கள் வேறு வரிசையில். சாக்லேட்டுக்கு நன்னாரி இவ்வளவு பொருந்துவது அதனால்தான். எல்லாவற்றையும் 100 மில்லி வோட்காவில் 2 நாள் ஊறவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் 6 துளசி இலை. அதற்கு மேல் கிடந்தால் புல் வாசம் அடிக்கும். வடிகட்டி, 60 கிராம் சர்க்கரையை 40 மில்லி தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். யேகர்மைஸ்டர் ஆகாது. ஆனால் விஸ்கிக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியானது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள்.

பாட்டிலில் வரும் நன்னாரி சர்பத்தை நேராக ஊற்றுவதில் பயனில்லை. அதில் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ இருக்கும். சாக்லேட்டுக்குப் புளிப்பு ஆகாது.

கலக்கும் விதம்

பார் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். மெல்லிய எவர்சில்வர் சொம்பு ஒன்று, நீளக் கரண்டி, டீ வடிகட்டி, 30-60 பெக் அளவி. 5, 10, 15 மில்லிக்கு இருமல் சிரப்போடு வரும் மூடிக் கோப்பை. கோடு போட்டிருக்கும், பெக் அளவியைவிடத் துல்லியம். கண் அளவில் ஊற்றாதீர்கள். 10 மில்லி 15 ஆவது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்.

சொம்பையும் குடிக்கும் கிளாஸையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ் பெரிய கட்டிகளாக, ஃப்ரீசரிலிருந்து நேராக வர வேண்டும். வெளியில் வைத்து வியர்த்த ஐஸின் மேல் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. வறுத்த மீனுக்குப் பக்கத்தில் கிடந்த ஐஸ் ட்ரேயும் வேண்டாம்.

சொம்பில் முதலில் லிக்யூர் இரண்டும், பிறகு விஸ்கி, பிட்டர்ஸ், உப்புத் தண்ணீர். 5 மில்லி வெந்நீரில் 1 கிராம் உப்பு கரைத்தால் அந்த உப்புத் தண்ணீர். 2 சொட்டு கசப்பை அடக்கிக் கோகோவை முன்னே கொண்டுவரும். பிட்டர்ஸ் இல்லையென்றால் விட்டுவிடலாம், உப்பை விட வேண்டாம். இப்போது 6, 7 ஐஸ் கட்டி. கரண்டியின் முதுகு சொம்பின் சுவரை ஒட்டியபடி 30 நொடி சுழற்றுங்கள். குலுக்கக் கூடாது. பழச்சாறோ பாலோ இருந்தால்தான் குலுக்கல்; வெறும் மதுவைக் குலுக்கினால் நுரையும் ஐஸ் துகளும் சேர்ந்து நீர்த்துவிடும்.

முதல் தடவை ஒரு சோதனை செய்யுங்கள். வடித்த பானத்தை அளந்து பாருங்கள். உள்ளே போனது 70 மில்லி. வெளியே 90 முதல் 95 வர வேண்டும். 80 என்றால் இன்னும் 10 நொடி கலக்கியிருக்க வேண்டும். 105 என்றால் ஐஸ் மோசம். அந்த 20, 25 மில்லி தண்ணீரை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். அது இறங்கினால்தான் தித்திப்பு தளர்ந்து மிளகு மேலே வரும்.

ஐஸ் இல்லாமல், குளிர்ந்த சிறிய கிளாஸில் வடியுங்கள். ஆரஞ்சுத் தோலை உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை வராமல் சீவி, பானத்துக்கு மேலே பிடித்து, நிறப் பக்கம் கீழே பார்க்க மடித்து நசுக்குங்கள். எண்ணெய் தூறலாக விழும். கமலா ஆரஞ்சின் தோல் தளர்ந்து மெல்லியதாக இருப்பதால் கத்தியில் சீவ வராது. கையால் உரித்து, உட்புற நாரைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். கடை ஆரஞ்சில் மெழுகு பூசியிருக்கும், வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சரியாக வராதபோது

தித்திப்பு அதிகம் என்றால் கை சாக்லேட் பக்கம் போகும். உண்மையில் பல நேரம் போதாதது தண்ணீர். முதலில் 10 நொடி கூடுதலாகக் கலக்கிப் பாருங்கள், பிறகு சாக்லேட்டை 12 ஆக்குங்கள். இருமல் மருந்து வாடை வந்தால் மூலிகை லிக்யூரைப் பாதியாக்குங்கள். அப்போதும் வந்தால் கிராம்புதான் காரணம். பானம் பனிமூட்டம்போலக் கலங்கினால் பயப்பட வேண்டாம். சோம்பு போன்றவற்றின் எண்ணெய், ஆல்கஹால் நீர்க்கும்போது கரைசலிலிருந்து பிரிவதுதான் அது. குடிக்கலாம். மேலே மினுமினுப்பான வட்டங்கள் மிதந்தால் ஃப்ரீசர் படியைத் தவிர்த்திருக்கிறீர்கள். முதல் மடக்கில் ஒன்றுமே தெரியாமல், விழுங்கியபின் தொண்டையில் காரம் பிடித்தால் மிளகைத் தூளாக்கியிருக்கிறீர்கள்.

ஏற்காட்டுக் குளிர் ராத்திரிக்குச் சூடாகவும் செய்யலாம்: அதே அளவுகள், ஐஸுக்குப் பதில் 90 மில்லி வெந்நீர். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் கொதித்த கையோடு ஊற்றாதீர்கள். 5 நிமிடம் ஆறட்டும். சூட்டில் மூலிகை வாசம் பொங்கும் என்பதால் மூலிகை லிக்யூரை 7 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். மது இருக்கும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது.

தொட்டுக்கொள்ள? சேலம் என்றதும் தட்டுவடை செட்டுக்குக் கை நீளும். அதன் காரச் சட்னியும் புளிப்பும் இந்தப் பானத்தை இரண்டே வாயில் காணாமல் அடித்துவிடும். உப்பு மட்டும் போட்டு வறுத்த முந்திரி, வேர்க்கடலை போதும். தட்டுவடை அடுத்த நாள் சாயங்காலம் தனியாகச் சாப்பிடுங்கள்.

ஏற்காட்டில் குடித்தால் ஏற்காட்டிலேயே தங்குங்கள். கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், இந்த ஒரு கிளாஸே அதைத் தாண்டவைக்கப் போதும். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம்.

மிஞ்சிய மசாலா விஸ்கி இறுக மூடி இருட்டில் வைத்தால் பல மாதம் நிற்கும். வீட்டு லிக்யூர்கள் ஃப்ரிட்ஜில், இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, மேல் தட்டில் பின்னால் வையுங்கள். நன்னாரி லிக்யூர் நிறத்திலும் மணத்திலும் சர்பத் மாதிரியே இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்துவிடும்.